வால்வு வேலையை அளந்து செய்கிற பட்டறை: அருவங்காட்டில் என் அம்பாசடர்

பழைய புஷ் ராடு எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பாசடர், பழைய ஜீப், எதுவானாலும் சரி. எஞ்சினைப் பிரித்து ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அருவங்காட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு லேத்து, ஒரு பில்லர் டிரில், ஒரு பெரிய இரும்பு மேஜை, இரண்டு வண்டி நிற்கும் இடம், அவ்வளவுதான். நடத்துபவர் கார்டைட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

என் வண்டி 1977 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல். 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போட்ட அதே பி-சீரிஸ் குடும்பம்தான். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இந்தக் குடும்பத்து எஞ்சின் ஓடியிருக்கிறது. கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். அது டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், புஷ் ராடு மேலே ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். இத்தனை துண்டுகள் வரிசையாக நிற்பதால் எங்கே கொஞ்சம் தேய்ந்தாலும் கடைசியில் வால்வில் வந்து தெரியும்.

இதற்கு முன் ஹெட் வேலையைச் சமவெளியில் ஒரு பட்டறையில் செய்திருந்தேன். எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். புது வால்வு, புது கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்), சீட் கட்டிங் (வால்வு உட்காரும் விளிம்பை வெட்டுவது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்குவது), எல்லாவற்றுக்கும் பணம் வாங்கினார்கள். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து டேப்பட் அட்ஜஸ்ட் செய்து, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்து, வண்டியைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் டிக் டிக் சத்தம் திரும்பி வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை வந்தது.

மலையில் ஓட்டுகிறவர்கள் இந்தப் புகையைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வரும்போது திராட்டில் மூடியிருக்கும், இன்லெட் பக்கம் வெற்றிடம் பலமாக இழுக்கும். வால்வு கைடு தேய்ந்திருந்தால், ராக்கர் கவருக்குள் இருக்கும் எண்ணெய் வால்வுத் தண்டு வழியாக உள்ளே போய்ச் சேரும். மறுபடி மிதிக்கும்போது அது எரிந்து வெளியே வரும். ஏற்றத்தில் எப்போதும் புகைத்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். இறக்கம் முடிந்து மிதிக்கும்போது மட்டும் புகைத்தால் முதலில் கைடைத்தான் பார்க்க வேண்டும். சரி, புதிதாகப் போட்ட கைடு இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்ந்தது? பழைய பட்டறையில் கேட்டபோது, "டேப்பட் கொஞ்சம் டைட் பண்ணிடலாம்" என்பதைத் தவிர வேறு பதிலே வரவில்லை.

அருவங்காட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது என் சித்தப்பா மகனும் கூட வந்தான். வழக்கமாகப் பட்டறைக்காரர்கள் அவனிடம்தான் பேசுவார்கள். மாஸ்டர், வண்டி யாருடையது, யார் ஓட்டுவது என்று கேட்டுவிட்டு, கடைசி வரை என்னிடமே பேசினார். இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறேன், பெண்கள் தைரியமாகப் போகலாம்.

அன்றைக்கு அவர் எஞ்சினைப் பிரிக்கவில்லை. ராக்கர் கவரை மட்டும் கழற்றினார். முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு என்னையே மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஒவ்வொரு வால்விலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். 0.38 மில்லி தகடு எல்லாவற்றிலும் சரியாகப் போனது. ஆனாலும் சத்தம் இருக்கிறதே என்றேன். ஒரு ராக்கரை ஸ்பிரிங்கை அமுக்கி ஒதுக்கிவிட்டு, டார்ச் அடித்து, வால்வைத் தொடும் அடிப்பகுதியைக் காட்டினார். அந்தப் பேடில் வால்வு முனையின் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்தது. "ஏம்மா, தகடு குழிக்கு மேல பாலம் மாதிரி உக்காந்துக்குது. நீங்க அளக்கிறது ஓரத்தை. வால்வு முட்டுறது குழிக்குள்ள." அதாவது தகடு 0.38 என்று காட்டினாலும், உண்மையில் இருந்த இடைவெளி அதைவிட அதிகம். எத்தனை தடவை டேப்பட் அட்ஜஸ்ட் செய்தாலும் அந்தச் சத்தம் போகாது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை அங்கே வண்டியை விட்டுவிட்டு வர வைத்தது. பேடு ஏன் குழிந்தது, கைடு ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தது, இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், ராக்கர் நிற்கிற கோணம் தப்பாக இருக்கலாம், அளந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

இதை எனக்குப் புரிந்தவரை விளக்குகிறேன். ராக்கர் ஒரு ஷாஃப்டில் மாட்டியிருக்கிறது, அது மேலும் கீழும் வட்டப் பாதையில்தான் அசைய முடியும். வால்வோ நேர்க்கோட்டில் மட்டும் இறங்கி ஏறும். வட்டத்தில் போகிற ஒன்று நேராகப் போகிற ஒன்றை அழுத்தும்போது, பேடு வால்வு முனையின் மேல் கொஞ்சம் சறுக்கியே ஆக வேண்டும். அந்தச் சறுக்கலை முழுதாக ஒழிக்க முடியாது, ஆனால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கலாம். வால்வு பாதி திறந்திருக்கும் நேரத்தில், ராக்கர் ஷாஃப்டின் மையத்தையும் பேடு வளைவின் மையத்தையும் இணைக்கிற கோடு வால்வுத் தண்டுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் மூடியிருக்கும்போது எவ்வளவு சாய்வோ, முழுதாகத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் அவ்வளவே சாய்வு வரும். பேடு வெளியே கொஞ்சம் போய், அதே அளவு திரும்பி வரும். அந்தப் பாதிப் புள்ளி முன்னே பின்னே தள்ளிப்போனால் சறுக்கல் நீளும். சறுக்கும்போதெல்லாம் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது யார்? கைடுதான். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தள்ளினால் அது நீள்வட்டமாகத் தேயாமல் என்ன செய்யும்.

இதை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை, செய்து காட்டினார். ஹெட்டை இறக்கிச் சுத்தம் செய்த பிறகு, முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளில் மட்டும் நிஜ ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, கையால் அமுக்கக்கூடிய மெல்லிய ஸ்பிரிங் போட்டார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஏற்கெனவே நசுங்கின பழைய கேஸ்கெட்டை வைத்தே ஹெட்டை மாட்டினார். புது கேஸ்கெட் இறுக்கியதும் எந்தத் தடிமனுக்கு வருமோ, பழையது இப்போதே அந்தத் தடிமனில் இருக்கிறது என்பதால். வால்வு முனைகளில் நீல மார்க்கரைப் பூசினார். மேஜையிலிருந்து மிட்டுடோயோ டயல் கேஜை எடுத்து, காந்த ஸ்டாண்டில் மாட்டி, அதன் ஊசி முனையை வால்வு ஸ்பிரிங் தொப்பியில் வைத்தார். ஹேண்டிலைச் சுற்றச் சுற்ற முள் நகர்ந்தது. வால்வு மொத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதில் சரிபாதிக்குத் திருப்பி வந்து நிறுத்தினார். ராக்கர் அப்போதும் மேல்நோக்கிச் சாய்ந்தே இருந்தது. பழகாத என் கண்ணுக்கே தெரிந்தது. பிறகு ராக்கரை எடுத்துவிட்டு முனையைக் காட்டினார். மார்க்கர் அழிந்த பட்டை அகலமாக, ஷாஃப்ட் பக்கத்து ஓரத்தை ஒட்டி இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எட்டு வால்வுத் தண்டுகளின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்தார். எக்ஸாஸ்ட் நான்கும் இன்லெட்டைவிட உயரமாக நின்றன, அதிலும் ஒன்று மற்றவற்றைவிட இன்னும் அரை மில்லி மேலே. சீட்டை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்துவிட்டது. அமிழ்ந்தால் அதன் தண்டு மறுபக்கம் மேலே வரும். தண்டு மேலே வந்தால் ராக்கரின் அந்த முனையும் மேலே போகும், கோணம் கெடும். போதாக்குறைக்கு ஸ்பிரிங் உட்காரும் உயரமும் கூடிவிடுவதால் அதன் அழுத்தமும் குறையும்.

வெட்டினது மட்டுமே காரணமில்லை என்பதையும் சொல்லிவிட்டார். இந்த எஞ்சினை வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது, எக்ஸாஸ்ட் சீட்டை அது காப்பாற்றியது. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு ஈயமில்லாத பெட்ரோல்தான். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட், நீண்ட ஏற்றத்தில் சூடேறி மெதுவாகத் தேய்ந்து உள்வாங்கும். அதனால் எக்ஸாஸ்ட் நான்குக்கும் கடினமான சீட் இன்சர்ட் (தனியாகச் செருகும் வளையம்) போட வேண்டும் என்றார். அந்த வேலைக்கு அவரிடம் மெஷின் இல்லை, ஹெட்டைக் கோவைக்கு அனுப்பினார். அனுப்பும்போது சீட் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று படம் போட்டு, அளவு எழுதி, ஹெட்டோடு கட்டி அனுப்பினார். திரும்பி வந்ததும் மறுபடி ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்.

எக்ஸாஸ்ட்டும் இன்லெட்டும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகும் எல்லா முனைகளும் கொஞ்சம் உயரமாகவே இருந்தன. அதைச் சரிசெய்ய ராக்கர் ஷாஃப்டையே உயர்த்தினார், நான்கு ராக்கர் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் 0.8 மில்லி ஸ்டீல் ஷிம் (மெல்லிய தகடு) வெட்டிப் போட்டார். இங்கே ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பு ஹெட்டை ஃபேசிங் செய்து சன்னமாக்கியிருந்தார்கள். ஹெட் இறங்கினால் ராக்கர் ஷாஃப்ட் கேம்ஷாஃப்டை நெருங்கும், புஷ் ராடு கணக்கில் நீளமாகிவிடும், ராக்கரின் அந்த முனையில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை அதற்கேற்ப மேலே தூக்க வேண்டிவரும். என் வண்டியில் அது கிட்டத்தட்ட கடைசி மரை வரை மேலே போயிருந்தது. ஆனால் வால்வும் ராக்கரும் இரண்டுமே ஹெட்டோடு சேர்ந்து இறங்குவதால், ஃபேசிங் மட்டும் வால்வுப் பக்கத்துக் கோணத்தை மாற்றாது. அதைக் கெடுத்தது சீட் வெட்டியதுதான். இப்போது ஷிம் போட்டு ஷாஃப்டை உயர்த்தியதில் வால்வுப் பக்கம் கோணமும் சரியானது, புஷ் ராடு பக்கம் ஃபேசிங்கில் போன உயரமும் திரும்பக் கிடைத்தது. ஸ்க்ரூ மறுபடி நடுவில் வந்து நிற்கிறது. ஒரே ஷிம்மில் இரண்டு வேலை. தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவள் நான், இரண்டு பக்கமும் இப்படிப் பொருந்தி வரும்போது வருகிற நிம்மதி எனக்குத் தெரியும்.

ஷிம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டாண்டுகளில் ஒன்றின் வழியாகத்தான் ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் ஏறுகிறது. அந்த ஸ்டாண்டுக்கான ஷிம்மில் எண்ணெய்த் துளை சரியான இடத்தில் இல்லையென்றால் மேலே எட்டு ராக்கரும் காய்ந்துபோகும். மாஸ்டர் அந்த ஷிம்மை மட்டும் தனியாகத் துளைத்து, பிசிறைத் தேய்த்து, ஹெட்டில் வைத்துக் கம்பி விட்டுப் பார்த்து, அதன் மேல் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வைத்தார்.

சாமான் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் வாங்கிக்கொண்டு போன ராக்கர் ஷாஃப்ட் பார்க்கப் பளபளவென்று இருந்தது. அவர் ஓரத்தில் மெல்லிய அரத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். அரம் கடித்தது, துகள் விழுந்தது. கடினப்படுத்திய ஷாஃப்டில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், இது பச்சை இரும்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய ஷாஃப்டைப் பார்த்தால் அடிப்பக்கம் மட்டும் ராக்கர் இருந்த இடமெல்லாம் படி விழுந்திருந்தது. புஷ் ராடும் வால்வு ஸ்பிரிங்கும் இரண்டு முனையிலும் மேலே தள்ளுவதால் ராக்கர் ஷாஃப்டின் அடியில்தான் அழுத்தும். கழற்றாமல் மேலே இருந்து பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும். வேறு கடையில் வாங்கிய இரண்டாவது ஷாஃப்ட் அரத்தில் பாஸானது. ராக்கர்களுக்குப் புது வெண்கல புஷ் (ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் உள்வளையம்) அடித்து, எண்ணெய்த் துளையைப் பொருத்தி, ரீமர் போட்டு உள்விட்டத்தை அளவுக்குக் கொண்டுவந்தார். குழிந்த பேடுகளை, பழைய வளைவு மாறாமல், ரேடியஸ் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். தட்டையாகத் தேய்த்துவிட்டால் இவ்வளவு நேரம் பார்த்த கோணமெல்லாம் வீண் என்றார்.

டேப்பட்டும் கேமும் நன்றாக இருந்ததால் அவற்றை மாற்றவில்லை. எந்த டேப்பட் எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டைக்கே திரும்பப் போனது. புஷ் ராடுகளைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்ததில் ஒன்று லேசாக வளைந்திருந்தது, அதை மட்டும் மாற்றினோம்.

எல்லாம் பூட்டிய பிறகு மறுபடி மார்க்கர், மறுபடி டயல் கேஜ். அழிந்த பட்டை முன்பிருந்ததில் பாதி அகலத்தில், முனையின் நடுவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. எட்டு வால்வும் எவ்வளவு இறங்குகின்றன என்பதை நோட்டில் எழுதினார். பிரிப்பதற்கு முன் எடுத்த கணக்கில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள்ளேயே அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இப்போது 0.1 மில்லிக்குள் அடங்கிவிட்டது. நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வண்டியைக் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொன்ன ஒரு விஷயம்: ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவர வேண்டும். இந்த எஞ்சினில் ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கிற நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஹெட்டை மறு இறுக்கம் செய்தால் டேப்பட் இடைவெளி மாறும், ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும். அந்த முறை டேப்பட் அட்ஜஸ்ட் செய்வதை எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஒன்பது கணக்கு என்பார்கள், எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, கூட்டினால் எப்போதும் ஒன்பது. இப்போது நானே செய்கிறேன்.

ஓட்டத்தில் என்ன தெரிகிறது? இறக்கத்தில் நீலப் புகை போய்விட்டது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கிற சத்தம் ஒரே சீராக இருக்கிறது, தனியாக ஒரு டிக் கேட்பதில்லை. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இருக்கிற கொஞ்சக் காற்றையும் வால்வு சரியாகத் திறக்காமல் வீணாக்கினால் இந்த எஞ்சினில் மிச்சம் எதுவும் இருக்காது. முன்பு ஆட்களோடு அரவேணு ஏறும்போது இரண்டாவது கியரிலேயே முக்கும், இப்போது பல இடங்களில் மூன்றாவதில் இழுக்கிறது. அந்த மாற்றம் முழுக்கக் கோணத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், புது கைடும் சீட்டும் ஷாஃப்டும் சேர்ந்த பலன்தான். ஆனால் கோணத்தைச் சரிசெய்யாமல் அவற்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் பழைய கைடுகளே சாட்சி.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நாள் கேட்டால் சொல்ல மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின்தான். கரண்ட் போனால் லேத்து வேலை அப்படியே நிற்கும், மழைக்காலத்தில் அது அடிக்கடி நடக்கும். தினமும் வண்டி வேண்டியவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், மாற்று ஏற்பாடு இல்லாமல் இங்கே விடாதீர்கள். அச்சடித்த பில் கிடைக்காது, நோட்டில் எழுதிய கணக்குதான். டீசல் பம்ப் வேலை எடுப்பதில்லை. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள புது கார்களைப் பார்த்தாலே வேறு இடம் சொல்லி அனுப்பிவிடுகிறார். போனை எடுக்கவே மாட்டார். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கோத்தகிரியிலிருந்து குன்னூர் வழியாகப் போய், இன்னும் ஹெட் வரவில்லை என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்புவது கஷ்டம்.

கூலியாக 14,000 ரூபாய் கொடுத்தேன். கோவையில் இன்சர்ட் வேலையும் சாமான்களும் தனி. முந்தைய பட்டறையில் கொடுத்ததைவிட இது அதிகம்தான். ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு என்று வரிவரியாகக் கேட்டால் சொல்கிறார், கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கிறார்.

போகிறவர்கள் அருவங்காடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறங்கி, மாஸ்டர் பட்டறை என்று யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். காலையில் போனால் பேச நேரம் கிடைக்கும், ஞாயிறு விடுமுறை. முன்பு எங்காவது ஹெட் வேலை செய்திருந்தால் எவ்வளவு ஃபேசிங் எடுத்தார்கள், சீட் வெட்டினார்களா, எந்த அளவு வால்வு போட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். பழைய ஹெட் கேஸ்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.